தட்டுக்கு வெளியே போனால் குறும்பா, நோயா? பூனை வளர்ப்போர் கேள்வி–பதில்

உடம்பு சரியில்லாத பூனை முனகி ஊரைக் கூட்டாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும், மணல் தட்டை விட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கும், தொட்டால் கடிக்கும். பூனை வேட்டையாடும் விலங்குதான். ஆனால் பெரிய விலங்குகளுக்கு இரையாவதும் உண்டு என்பதால், வலியை மறைப்பது அதற்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். அதனால் நடத்தையைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் முதலில் உடம்பைப் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: டாக்டர், எங்கள் கடுவனுக்கு நான்கு வயது, கருத்தடை செய்தாயிற்று. போன மாதம் ஒருநாள் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். முக்கினான், கத்தினான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சிறுநீர் அடைத்திருக்கிறது என்று டியூப் போட்டு எடுத்தார்கள். இது ஏன் வருகிறது? மறுபடி வந்தால் எப்படிச் சட்டென்று கண்டுபிடிப்பது?

பதில்: கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனிக்குப் போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். சளியும் உதிர்ந்த செல்களும் உப்புப் படிகங்களும் சேர்ந்து பசைபோல் திரண்டு அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். சில பூனைகளுக்குச் சிறு கல் வந்து நிற்கும். வேறு சிலவற்றில் அடைக்கும் பொருளே இருக்காது, வீக்கத்தாலும் தசை இறுகுவதாலும் குழாய் மூடிக்கொள்ளும். எப்படி ஆனாலும் விளைவு ஒன்றுதான். வெளியேற வழியில்லாமல் கழிவுகள் ரத்தத்தில் தேங்கும், பொட்டாசியம் ஏறும், அது இதயத்துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். முழு அடைப்பு என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உயிர் போய்விடும். பெண் பூனைக்குக் குழாய் அகலம் என்பதால் இப்படி அடைப்பது அரிது.

மலச்சிக்கலையும் இதையும் பிரித்தறிய எளிய வழி, மணலைக் கிளறிப் பார்ப்பதுதான். கட்டியாகும் மணலில் ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு ஈரக் கட்டிகள் இருக்கும். உங்கள் பூனைக்கு எத்தனை, எவ்வளவு பெரியது என்பதை நலமாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மலச்சிக்கலில் சிறுநீர்க் கட்டிகள் வழக்கம்போல் இருக்கும். அடைப்பில் கட்டியே இருக்காது, அல்லது புளியங்கொட்டை அளவில் நாலைந்து சிதறிக் கிடக்கும். அடிக்கடி பின்புறத்தை நக்குவது, குந்தியபடியே நகர்வது, தரையில் ரத்தக்கறை ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். வாந்தி, சோர்வு, காது சில்லிடுவது எல்லாம் வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்குகிறது, மணல் நனையவில்லை என்றால் நடு இரவானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். வயிற்றை அமுக்கிவிடக் கூடாது, நிரம்பிய பை கிழிந்துவிடும். மலமிளக்கி, வலி மாத்திரை, வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் மீண்டும் அடைக்கும் வாய்ப்பு அதிகம். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால், நன்றாகத்தானே இருக்கிறான் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அடுத்தது தண்ணீர். உலர் தீனியில் ஈரம் பத்து சதவீத அளவுதான். ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 7 முதல் 10 நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தீனிக்கு மாற்றுங்கள், அதிலும் இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீர் கலக்கலாம். மீசை இடிக்காத அகலமான கிண்ணங்களை இரண்டு மூன்று இடங்களில், தட்டுக்குத் தள்ளி வையுங்கள். படிகம் எந்த வகை என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கென உள்ள மருத்துவத் தீனியில் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் எந்தத் தீனியிலும் கரையாது. வகை தெரியாமல் நாமாக வாங்கிப் போடுவதில் பயனில்லை.

இன்னொன்று, பலர் நம்ப மறுப்பது: பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பாலானவை கிருமியால் வருவதில்லை. மன அழுத்தம் பெரிய காரணம். வீடு மாறுவது, புது ஆள், புதுப் பூனை, சாப்பாட்டு நேரம் குழம்புவது எதுவும் போதும். ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஏறி உட்கார ஓர் உயரம், தினம் இரு வேளை பத்து நிமிடம் விளையாட்டு, மாறாத சாப்பாட்டு நேரம் இவற்றையும் மருந்தின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பெண் பூனை. இரண்டு மாதமாகத் தட்டை விட்டுவிட்டு மெத்தையிலும் துணிக் குவியலிலும் சிறுநீர் கழிக்கிறது. மலம் மட்டும் தட்டில்தான். மூடி போட்ட தட்டு, நல்ல வாசனை மணல், எல்லாம் வாங்கிக் கொடுத்தும் இப்படி. முகத்தைத் தேய்த்து அதட்டினால் நின்றுவிடும் என்கிறார் என் மாமியார்.

பதில்: அதட்டினால் தட்டுக்குப் போகாது. நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும், அவ்வளவுதான். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. எரிச்சல் இருந்தால், வலிக்கும் இடம் தட்டுதான் என்று பூனை முடிவுகட்டிவிடும், மெத்தென்ற இடம் தேடும். சோதனையில் ஒன்றுமில்லை என்றால் தட்டைச் சந்தேகப்படுங்கள்.

மூடியும் வாசனையும் நமக்காகச் செய்யப்பட்டவை. மூடிக்குள் நாற்றம் தேங்கும், தப்பிக்க ஒரே வழிதான் இருக்கும். மனிதர் மூக்குக்கு மல்லிகை வாசம், பூனை மூக்குக்குத் தாங்கமுடியாத நெடி. மூடியைக் கழற்றிவிட்டு, வாசனையில்லாத, பொடியான, கட்டியாகும் மணலை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். தட்டின் நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கடையில் பூனைக்கென்று விற்கும் பல தட்டுகள் இதற்குச் சிறியவை. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினால் போதும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டுக்கு மூன்று என்பது கணக்கு. அவற்றை அருகருகே வைத்தால் பூனை ஒன்றாகத்தான் எண்ணும், வெவ்வேறு இடங்களில் வையுங்கள். தினம் இரு வேளை அள்ளுங்கள். சலவை இயந்திரத்தின் பக்கத்திலோ சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கத்திலோ வேண்டாம்.

மெத்தையில் வாடை இருக்கும்வரை அங்கே மறுபடி போகும். என்சைம் சேர்ந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் பத்துக்கு ஒன்றாகக் கரைத்துத் துடைத்து, வெறும் நீரால் அலசிக் காயவிடுங்கள். கொதிநீரில் என்சைம் செத்துவிடும். அமோனியா கலந்த திரவங்கள் கூடவே கூடாது. பூனைக்கு அது சிறுநீர் வாடைபோலவே இருக்கும், மறுபடி அங்கேயே வா என்று அழைத்ததாக ஆகிவிடும்.

நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது வேறு விஷயம், எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத கடுவன்களில் பத்தில் ஒன்பது, அறுவைக்குப் பின் இதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் கால் பங்கு தரலாமா?

பதில்: ஒரு துளியும் தராதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றத் தேவையான என்சைம் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி, ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஈறு பழுப்பு அல்லது நீலமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மாத்திரை அட்டையோடு ஓடுங்கள். சில மணி நேரத்துக்குள் மாற்று மருந்து ஏற்றினால் காப்பாற்ற வாய்ப்புண்டு. ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினும் அப்படியே, வீட்டில் இருக்கிறதென்று கொடுக்காதீர்கள். நாய்க்கு விடும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைமேல் விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். பூச்சாடியில் லில்லி வகைப் பூக்கள் இருந்தால் இன்றே வெளியே போடுங்கள். இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும்.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. பூனையின் இயல்பான சூடே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும்.

கேள்வி: ஏழு கிலோ ஆகிவிட்டான். மருத்துவர் ஐந்து கிலோவாகக் குறைக்கச் சொன்னார். இரண்டு நாள் பட்டினி போட்டுத் தொடங்கலாமா?

பதில்: பருத்த பூனையைப் பட்டினி போடுவது ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பாடு நின்றாலே உடம்புக் கொழுப்பு கூட்டமாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே அடைந்துகொள்ளும். கண்வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும், பிறகு தானாகச் சாப்பிடவே செய்யாது, குழாய் வழியாக வாரக்கணக்கில் ஊட்டவேண்டி வரும். எந்தப் பூனையும் 24 மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கணக்கு இதுதான். அடைய வேண்டிய எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். ஐந்து கிலோவுக்கு 220 கலோரி, ஒரு நாளைக்கு. உலர் தீனியில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும் (பையில் போட்டிருப்பார்கள்), ஆக நாளொன்றுக்கு 55 முதல் 63 கிராம். கோப்பையால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுங்கள். கோப்பை அளவில் ஒரு விரல் ஏறினாலே பத்துப் பன்னிரண்டு கிராம் கூடிவிடும், உணவுக்கட்டுப்பாடு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அதை நான்கு வேளையாகப் பிரியுங்கள். வீட்டில் ஆளுக்கொரு வாய் கொடுப்பதும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். வாரத்துக்கு எடையில் ஒரு சதவீதம், அதாவது உங்கள் பூனைக்கு 70 கிராம் குறைந்தால் நல்ல வேகம். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் தீனியைக் கூட்டுங்கள். ஐந்து கிலோவைத் தொட ஏழெட்டு மாதம் ஆகும், அதில் தவறில்லை.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பூனை நடு இரவில் வீடு அதிரக் கத்துகிறது. முன்பைவிட அதிகம் தின்கிறது, ஆனால் முதுகெலும்பு தெரிகிறது. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அதிகம் தின்றும் இளைப்பது முதுமையின் இயல்பல்ல. முதல் சந்தேகம் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது, பத்து வயதுக்கு மேல் அடிக்கடி காண்பது. ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு பார்த்தால் தெரிந்துவிடும், மாத்திரையில் கட்டுக்குள் வரும். சர்க்கரை நோயிலும் இப்படி இளைக்கும். ரத்த அழுத்தமும் அளக்கச் சொல்லுங்கள். அது ஏறியிருந்தால் விழித்திரை பிரிந்து திடீரென்று பார்வை போகலாம், இருட்டில் தடுமாறிக் கத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போகுமுன் இரண்டு நாள் தண்ணீரை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 50 மில்லி வரை குடித்தால் சரி. 100 மில்லியைத் தாண்டினால், அதாவது நான்கு கிலோப் பூனை 400 மில்லிக்கு மேல் குடித்தால், சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்த்தே ஆகவேண்டும். எல்லாம் சரியாக இருந்து வெறும் மறதி நோய் என்றால், இரவில் தட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியவிடுவதே பல பூனைகளை அமைதிப்படுத்தும்.

(விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் இளம் பூனையைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அந்தி, விடியல் இரண்டும் பூனைக்கு வேட்டை நேரம். படுக்கப் போகுமுன் மூச்சு வாங்கும்வரை விளையாட்டு, உடனே சாப்பாடு. எழுப்பும்போது ஒருமுறை எழுந்து தீனி போட்டாலும் பழக்கம் இறுகிவிடும். கண்டுகொள்ளாமல் இருந்தால் முதல் ஓரிரு வாரம் கத்தல் கூடும், பிறகுதான் குறையும்.)

கேள்வி: மடியில் படுத்துத் தடவலை ரசித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று கையைக் கவ்வுகிறது. போன வாரம் ஜன்னல் வழியாகத் தெருப் பூனையைப் பார்த்துவிட்டு, சும்மா நடந்துபோன என் மகளின் காலைக் குதறிவிட்டது. வெறி பிடித்துவிட்டதா?

பதில்: இரண்டும் வெவ்வேறு. மடியில் கடிப்பது திடீரென்று நடப்பதில்லை. வால் நுனி சொடுக்கும், முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும், காது பக்கவாட்டில் திரும்பும். அதைப் பார்த்தும் கை நிற்காதபோதுதான் பல் வருகிறது. கன்னம், தாடை, காதடி மட்டும் மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். தலையை நீட்டி இன்னும் கேட்டால் தொடரலாம். இதுவரை கடிக்காத பூனை புதிதாகக் கடிக்கத் தொடங்கினால் பல், மூட்டு, முதுகு வலி இருக்கிறதா என்று காட்டுங்கள்.

ஜன்னலில் நடந்தது திசைமாறிய கோபம். எட்டாத எதிரியின்மேல் வந்த ஆத்திரம் பக்கத்தில் அசைந்த காலில் இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் தூக்கிச் சமாதானம் செய்யப் போகாதீர்கள். அறையை இருட்டாக்கிக் கதவைச் சாத்திவிட்டு விலகுங்கள். தணியச் சில மணி நேரம் ஆகும், ஒரு நாளும் ஆகலாம். ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் மங்கல் தாள் ஒட்டினால் மறுபடி நடப்பது வெகுவாகக் குறையும்.

காயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பூனைப் பல் ஊசிபோல் ஆழத்தில் கிருமியை விட்டுவிட்டு வரும், மேலே துளை மூடிக்கொள்ளும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டி, ரேபிஸ், டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். கை விரல், மூட்டுப் பக்கம் கடித்திருந்தால் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பதில்: விட வேண்டியதில்லை. பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. பூனை முதன்முறை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரம், அதிகம் போனால் மூன்று வாரம்தான் அதன் முட்டைகளை மலத்தில் விடும். அந்த முட்டை மலத்தில் கிடந்து ஒன்று முதல் ஐந்து நாள் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே தட்டைத் தினமும் தவறாமல் நீங்கள் அள்ளுங்கள், அவர் தொட வேண்டாம். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்ட மண் ஆகியவற்றால் மனிதருக்குத் தொற்றும் வாய்ப்பு பூனையைத் தடவுவதைவிட அதிகம். பூனைக்கும் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள்.

கேள்வி: வாயில் தையல் நூல் தொங்குகிறது. இழுத்து எடுக்கலாமா?

பதில்: இழுக்காதீர்கள், பின்பக்கமாகத் தொங்கினாலும் இழுக்காதீர்கள். மறுமுனை நாக்கடியிலோ குடலிலோ மாட்டியிருந்தால், இழுக்கும் நூல் குடலை அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம். மேலும் விழுங்காமல் பார்த்துக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மாத்திரை கொடுப்பது பெரும் போராக இருக்கிறது. எப்படியோ உள்ளே தள்ளினாலும் அரை மணியில் சோபாவுக்கு அடியில் கிடக்கிறது.

பதில்: பூனையை மேசைமேல், முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். திமிறினால் கழுத்துவரை துண்டால் சுற்றுங்கள். இடக்கையைத் தலைக்கு மேலிருந்து கொண்டுவந்து கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாயின் இரு ஓரத்திலும் படும்படி கன்ன எலும்பைப் பிடித்து, மூக்கு கூரையைப் பார்க்கும்வரை தலையை நிமிர்த்துங்கள். கீழ்த்தாடை தானாகத் தளரும். மாத்திரை பிடித்த வலக்கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தித் திறந்து, நாக்கின் அடிப்பகுதியில் நட்டநடுவில் போடுங்கள். ஓரத்தில் விழுந்தால் துப்பிவிடும், சோபாவுக்கு அடியில் கிடப்பது அப்படி விழுந்தவைதான். வாயை மூடித் தொண்டையை நீவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்துப் பக்கமாக, ஒவ்வொரு மில்லியாக விடுங்கள், அல்லது ஒரு தேக்கரண்டி ஈரத்தீனி கொடுங்கள். வெறுமனே விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பல நிமிடங்கள் ஒட்டி நிற்கும். டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் அங்கேயே புண்ணாக்கி, புண் ஆறும்போது குழாயைச் சுருக்கிவிடும். அப்படி ஆன பூனை பிறகு தின்றதையெல்லாம் கக்கும். பொடித்துத் தீனியில் கலக்குமுன்பும் கேளுங்கள், சில மாத்திரைகள் பொடித்தால் கசந்து தீனியையே வெறுக்க வைத்துவிடும், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. நாளுக்கு இரண்டு வேளை, பல மாதம் என்றால், அதே மருந்து திரவமாகக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.